ஈ எந்த வீட்டு ஈ?

ஆயுத பூஜை அன்று திருப்பூரில் வாழைப்பழத்திடமிருந்து யாரும் தப்ப முடியாது.

தேஜஸ்ரீயின் அம்மா அனுசுயா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அங்கே மெஷின்களுக்குப் பூஜை முடிந்ததும் ஒரு பை பொரியும் ஒரு சீப்புப் பழமும் கொடுத்தார்கள். அப்பா குருசாமிக்கு இன்னொரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கே இரண்டு சீப்பு. தெருமுனை பஞ்சர் கடையில் காற்றடிக்கும் மெஷினுக்குப் பூஜை. அங்கிருந்து அரைச் சீப்பு. போதாததற்கு, அம்மா தேஜஸ்ரீயின் சைக்கிளுக்கும் பொட்டு வைத்து இரண்டு பழத்தைப் படைத்தார்.

சைக்கிள் சாப்பிடவில்லை. அந்த இரண்டும் வீட்டுக்குள்தான் வந்தன.

யாருக்காவது கொடுக்கலாம் என்றால், யாருக்கு? அவர்கள் குடியிருப்பது லைன் வீடு. ஒரே வரிசையில் எட்டு வீடுகள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய். எட்டு வீட்டிலும் பனியன் கம்பெனிக்காரர்கள். எட்டு வீட்டிலும் பழம்.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மா அக்கா ஒரு சீப்பைக் கொண்டுபோய் அயர்ன் மாஸ்டர் இசக்கிமுத்து மாமாவிடம் கொடுத்தார். மாமா மறுக்க முடியாமல் வாங்கி, அதைத் தேஜஸ்ரீயின் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைக் கருத்தம்மா அக்காவிடம் கொடுத்தார்.

"இது நான் கொடுத்த பழம்லா?" என்றார் கருத்தம்மா அக்கா. "காம்புல நான் கட்டுன நூலு அப்படியே இருக்கு."

தேஜஸ்ரீ நாலு பழத்தை எடுத்துக்கொண்டு தெருவில் நின்ற மாட்டிடம் போனாள். காலையிலிருந்து தின்று அலுத்துப்போயிருந்த மாடு அவளைக் கண்டதும் திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தது.

"குப்பையில மட்டும் போட்டுறாத. சாமிக்கு வச்சது" என்றார் அம்மா.

கம்பெனிகளுக்குப் பூஜை லீவு விட்டதால், அன்று சாயங்காலமே லைன் வீட்டில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். தேஜஸ்ரீ வீட்டுக்காரர்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். பழத்தை ஊருக்கு எடுத்துப் போகவும் வழியில்லை.

"ஊர்லயும் இன்னைக்குத்தான் ஆயுத பூஜை" என்றார் அம்மா. "தீப்பெட்டி ஆபீஸ்ல குடுத்த பழத்த வச்சுக்கிட்டு எங்க அண்ணன் யாருக்குக் கொடுக்கன்னு முழிச்சிக்கிட்டு இருப்பான். நாம வேற போய் நீட்டணுமா?"

அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது.

"நான் பேக் பண்ற பனியன் கப்பல்ல ஒரு மாசம் போகுது" என்றார். "பிரான்ஸ்ல பிரிச்சுப் பாத்தா இன்னைக்குத் தைச்ச மாதிரி இருக்கு. இத்தனை வருசத்துல ஒரு கம்ப்ளெய்ண்ட் கிடையாது. நாம கோவில்பட்டிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள பழத்துக்கு என்ன ஆயிரும்?"

"பனியன் வேற, பழம் வேறப்பா" என்றாள் தேஜஸ்ரீ.

"பேக்கிங் ஒண்ணுதான் தாயி."

பரண்மேல் பழைய அட்டைப்பெட்டிகளும் பாலித்தீன் பைகளும் கிடந்தன. அப்பா ஒவ்வொரு சீப்பையும் ஒரு பையில் போட்டு, காற்று வெளியேற அழுத்தி, வாயை ஒட்டி, பெட்டிக்குள் அடுக்கினார். பெட்டியின் மூடியில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் ஒட்டினார். பிறகு டேப்பைக் 'கிர்ர்ர்' என்று இழுத்து மேலே, கீழே, குறுக்கே ஒட்டி, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் நின்று பார்த்த கருத்தம்மா அக்கா, "அண்ணே, எங்களுக்கும் ஒண்ணு" என்றார். அப்புறம் இசக்கிமுத்து மாமா வந்தார். அப்புறம் வரிசையே வந்துவிட்டது.

கடைசியாக, முன்வீட்டில் இருக்கும் செல்லாத்தாள் வந்தார். லைன் வீடு முழுக்க அவருடையதுதான். எல்லோரும் அவரை ஓனரம்மா என்பார்கள். "ஏனுங்க குருசாமி, நானும் காங்கேயத்துக்கு மக ஊட்டுக்குப் போறனுங்க. நம்முளுதையும் அப்படியே கட்டிக் குடுத்துருங்க."

அப்பா அவருக்குப் பெரிய பெட்டியாக எடுத்தார்.

பெட்டி வாங்காதது ஒரே ஒரு வீடு. கடைசி வீட்டு ரிங்கி வீடு. அவர்கள் ஊர் பீகாரில் இருக்கிறது. போய்ச் சேர்வதற்குள் லீவு முடிந்துவிடும். அதனால் அவர்கள் எங்கும் போகவில்லை.

சனிக்கிழமை காலை எல்லோரும் திரும்பி வந்தபோது முற்றம் முழுக்க ஈ.

பெரிய ஈ இல்லை. எள்ளுக்கு இறக்கை முளைத்த மாதிரி குட்டி குட்டி ஈ. கொடிக்கயிற்றில் ஈ. டீ டம்ளரில் ஈ. பல் விளக்கினால் பிரஷ்ஷில் ஈ. இசக்கிமுத்து மாமா ஒரு கொட்டாவி விட்டார். ஒன்று உள்ளே போய்விட்டது. அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்காமலே பேசினார். ஒன்றும் புரியவில்லை.

இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு வாடையும் வீசியது.

"என்னங்க இது?" என்று முந்தானையை விசிறிக்கொண்டே செல்லாத்தாள் வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். மரியாதை கூடிவிடும். அன்று மரியாதை ரொம்பவே கூடியிருந்தது.

"நாம எல்லாரும் ஊருக்குப் போயிட்டமுங்க. எல்லா ஊடும் பூட்டிக் கெடந்துச்சுங்க. தெறந்து கெடந்தது ஒரே ஒரு ஊடுதானுங்க. அப்ப ஈ எங்கிருந்து வந்துச்சுங்க?"

எல்லோரும் கடைசி வீட்டைப் பார்த்தார்கள்.

"அவங்கதான் கடுகெண்ணெயில எதையாச்சும் பொரிச்சிக்கிட்டே இருப்பாங்க" என்று யாரோ சொன்னார்கள்.

"வாடையும் அங்கிருந்துதான் வருது" என்று இன்னொருவர் சொன்னார். அவர் மூக்கு எந்தப் பக்கம் இருந்ததோ தெரியவில்லை.

ரிங்கியின் அப்பா உமேஷ் வெளியே வந்தார். "அம்மா, நம்ம வீடு சுத்தம். வந்து பாருங்க" என்றார்.

"நான் எதுக்குங்க பாக்கோணும்? கோவிச்சுக்காதீங்க தம்பி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேற ஊடு பாத்துக்குங்க. எனக்கு மத்த ஏழு ஊடும் முக்கியமுங்க."

எல்லோரும் தங்கள் டீ டம்ளரில் ஈ இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள்.

உமேஷுக்குப் பின்னால் ரிங்கி நின்றிருந்தாள். அவளும் தேஜஸ்ரீயும் ஐந்தாம் வகுப்பு. ஒரே பெஞ்ச். பள்ளியில் ரிங் பால் ஆடினால் இரண்டு பேரும் ஒரே அணி. ரிங்கி தேஜஸ்ரீயைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

தேஜஸ்ரீ தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரிங்கி உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் தேஜஸ்ரீ கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என்ன வேணுமுங்க?" என்றாள் ரிங்கி.

ரிங்கி தமிழைத் திருப்பூரில்தான் கற்றுக்கொண்டாள். கோபம் வந்தால் மரியாதை கூடும் என்பதையும் இங்கேதான் கற்றிருந்தாள்.

"உள்ள வரட்டுமா?"

"வாங்க. ஈ இருக்குதான்னு எண்ணிப் பாத்துட்டுப் போங்க."

தேஜஸ்ரீ உள்ளே போனாள். ஒரே அறை. தரை துடைத்துக் காய்ந்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மூட்டையாகக் கட்டுவதற்காகப் பாயும் போர்வையும் ஒரு மூலையில் குவிந்திருந்தன. ரிங்கியின் அம்மா மீனாதேவி ஒரு பெட்டிக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜன்னல் கம்பியில் பனியன் துணி நாடாவைக் கட்டி, அதில் ஒரு வாழைச்சீப்பைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் மூன்று பழங்கள்தான் மிச்சம். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. ஆனால் பழம் கெடவில்லை. ஜன்னல் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"மத்த பழமெல்லாம் எங்க?"

"தின்னுட்டோம். ரொம்பப் பழுத்ததை எல்லாம் அம்மா அன்னன்னைக்கே புவா போட்டுருச்சு."

"புவான்னா?"

"பழத்தைப் பெசஞ்சு, கோதுமை மாவு, வெல்லம் போட்டு எண்ணெயில சுடறது. உனக்கும் எடுத்து வெச்சேன். நீதான் ஊர்ல இருந்து வரவே இல்லையே." மரியாதை கொஞ்சம் இறங்கிவிட்டதை ரிங்கியே கவனிக்கவில்லை. "அப்பறம் நானே தின்னுட்டேன்."

தேஜஸ்ரீ அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என்னவென்று தெரிந்தது.

"ரிங்கி, உங்க வீட்டுலதான் ஈயே இல்ல."

"அதைத்தான காலையில இருந்து சொல்றோம்?"

தேஜஸ்ரீ வெளியே ஓடினாள். ஏழாவது வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். ஈ. ஆறாவது வீடு. ஈ. ஐந்து, நான்கு, மூன்று. எல்லா வாசலிலும் ஈ. தன் வீட்டுக்குள் போனாள். அங்கே இன்னும் கூடுதலாக இருந்தது. ஒரு ஈ பறந்து கட்டிலுக்கு அடியில் போனது. அவளும் பின்னாலேயே குனிந்து போனாள்.

பெட்டியின் அடியில் ஒரு மூலை நனைந்து ஊறியிருந்தது. ஒட்டிய டேப் விட்டிருந்தது. அந்த இடுக்கு வழியாக ஈக்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தன. பள்ளி விட்ட நேரத்து கேட் மாதிரி இருந்தது.

அப்பா கட்டில்மேல் படுத்திருந்தார்.

"அப்பா, ஈ நம்ம வீட்டு ஈ."

"சும்மா கெட தாயி. நான் பேக் பண்ணதுக்குள்ள காத்துகூட நுழையாது."

"அப்ப இதைப் பாருங்க."

தேஜஸ்ரீ பெட்டியை இழுத்து டேப்பைப் பிய்த்தாள். வாடை முகத்தில் அடித்தது. அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பைகளுக்குள் வேர்த்துப்போய், பழங்கள் கறுப்பாகிக் கிடந்தன. சில பழங்கள் வெடித்துச் சாறு வழிந்திருந்தது.

அம்மா ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறை பார்த்துப் பழகிய கண் அது. "இந்தப் பையில ஓட்டை இருக்கே."

"அது நாங்களே போடுற ஓட்டை" என்றார் அப்பா மெதுவாக. "ஃபாரின்ல குழந்தைக யாராவது பையைத் தலையில மாட்டிக்கிட்டா மூச்சு முட்டக் கூடாதுல்ல. அதுக்காக எல்லாப் பையிலயும் ரெண்டு ஓட்டை இருக்கும்."

"நல்ல ஏற்பாடு" என்றார் அம்மா. "ஈக்கும் மூச்சு முட்டல."

தேஜஸ்ரீ யோசித்துக்கொண்டிருந்தாள். "நீங்க பெட்டி கட்டிக் கொடுத்த வீடு எல்லாத்துலயும் ஈ இருக்குப்பா. கொடுக்காத வீட்டுல இல்ல. ரிங்கி வீட்டுல பழத்தைக் காத்துல தொங்க விட்டிருக்காங்க. நாம போர்வை போத்திப் படுக்க வச்ச மாதிரி வச்சிட்டோம். அதான் எல்லாம் ஒண்ணா பழுத்துப்போச்சு."

அப்பா பிய்ந்த டேப்பை மறுபடியும் பெட்டியில் ஒட்டப் பார்த்தார்.

"ஓனரம்மாகிட்ட சொல்லுங்கப்பா."

"என்னன்னு சொல்ல? எல்லாரும் என்னைப் பேக்கிங் மாஸ்டர்ங்காங்க. நாளையில இருந்து ஈ மாஸ்டர்னு கூப்பிடுவாங்க." அப்பா டேப் உருளையைக் கையில் எடுத்துச் சுற்றினார். "காலையில நம்ம பெட்டிய யாருக்கும் தெரியாம எங்கயாவது புதைச்சிருவோம்."

"மத்த பெட்டி?"

அப்பா டேப்பைச் சுற்றினார்.

"ரிங்கி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களேப்பா?"

அப்பா இன்னும் டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உமேஷ் டவுன் பஸ் ஏறி வீடு தேடப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். பெருமாநல்லூரில் ஒரு அறை கிடைத்திருந்தது. அங்கே வேறு பள்ளி. ரிங்கி தன் புத்தகப் பையை மூட்டைமேல் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மூட்டை ஏற்ற ஆட்டோ வருவதாக இருந்தது. காலையிலிருந்து முற்றத்தில் ஆள் நடமாட்டம் ஓயாததால், தேஜஸ்ரீயின் அப்பா புதைக்க நினைத்த பெட்டி இன்னும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

செல்லாத்தாள் முற்றத்தில் வந்து நின்றார். எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஈ ஓட்டுகிற மாதிரி கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

'சர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

தேஜஸ்ரீ பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். அது கனமாக இருந்தது. அவள் முதுகைக் காட்டி, பின்பக்கமாக நடந்து நடந்து இழுத்தாள். பெட்டி போன வழியெல்லாம் தரையில் ஈரக்கோடு விழுந்தது. பெட்டிக்கு மேலே ஒரு குட்டி மேகம் மாதிரி ஈக்கூட்டம் கூடவே வந்தது.

முற்றத்தின் நடுவே நிறுத்தி, மூடியைத் திறந்தாள்.

கொடிக்கயிற்றில் இருந்த ஈ, குழாயடியில் இருந்த ஈ, இசக்கிமுத்து மாமா தலையில் இருந்த ஈ எல்லாம் கிளம்பி வந்து பெட்டியில் இறங்கின.

"ஈ எங்க வீட்டு ஈ" என்றாள் தேஜஸ்ரீ. அது கடைசி வீடு வரை கேட்டது. "ரிங்கி வீட்டு ஈ இல்ல. அவங்க வீட்டுல ஒரு ஈகூட இல்ல. நான் போய்ப் பாத்தேன்."

செல்லாத்தாள் பெட்டியைப் பார்த்தார். தேஜஸ்ரீயைப் பார்த்தார். "ஏங் கண்ணு, இது யாரு வெச்ச பெட்டி?"

தேஜஸ்ரீ வாயைத் திறப்பதற்குள் அப்பா வெளியே வந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"நான்தான்மா. பழத்தைப் பையில போட்டு அடைச்சது நான்தான். பிள்ள நேத்தே சொல்லிட்டா. நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

கருத்தம்மா அக்கா தலையில் கைவைத்தார்.

"ஐயய்யோ, என் கட்டிலுக்கு அடியிலயும் ஒண்ணு இருக்கே!"

அவர் உள்ளே ஓடினார். இசக்கிமுத்து மாமா ஓடினார். எல்லோரும் ஓடினார்கள். அடுத்த நிமிடம் முற்றத்துக்கு ஒவ்வொரு பெட்டியாக வந்து சேர்ந்தது. எல்லாவற்றிலும் மேலே, கீழே, குறுக்கே டேப். ஒட்டியதில் ஒரு குறைகூட இல்லை.

"எங்க வீட்டு வாடையைத்தான் நேத்து அங்கிருந்து வருதுன்னு சொல்லிட்டு இருந்தேனா?" என்று ஒருவர் தன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

செல்லாத்தாள் மட்டும் அசையாமல் நின்றார். அவர் முகம் மெல்ல மாறியது. முன்வீட்டுக்குள் போனார். வெகுநேரம் கழித்து, எல்லாவற்றிலும் பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. அடி அட்டை விட்டு, பழம் தானாகவே வெளியே வந்தது.

யாருக்குச் சிரிப்பு முதலில் வந்தது என்று தெரியவில்லை. இசக்கிமுத்து மாமாவாக இருக்கலாம். அவர் சிரித்ததில் மறுபடியும் ஒன்று வாய்க்குள் போனது.

ரிங்கி மூட்டையிலிருந்து இறங்கி வந்து தேஜஸ்ரீ பக்கத்தில் நின்றாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

"சரி, விடு. இத்தனை பழத்தை என்ன பண்ணுவாங்க?"

அதுதான் இப்போது எல்லோருடைய கேள்வியும். பழம் மலையாகக் குவிந்திருந்தது.

"குழி தோண்டிப் புதைச்சிரலாம்" என்றார் அப்பா. அவருக்கு அந்த யோசனையிலிருந்து வெளியே வரவே முடியவில்லை.

தேஜஸ்ரீ ஒரு பழத்தை எடுத்து உரித்தாள். தோல் கறுப்பாக இருந்தது. உள்ளே நிறம் மாறாமல், மெத்தென்று இருந்தது. வாயில் போட்டாள். தேன் மாதிரி இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அது புளித்து நுரைத்திருந்தது.

"அம்மா, எல்லாம் கெட்டுப்போகல. நீங்க செக்கிங் பண்ணுங்க."

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். பழங்கள் அவர் கையில் வேகமாகப் புரண்டன. "ஓகே. ஓகே. ரிஜெக்ட். ஓகே. இது நுனி மட்டும் போச்சு, வெட்டிட்டா ஓகே. ரிஜெக்ட்."

வெடித்தது, புளித்தது, பூஞ்சை பிடித்தது, ஈ உட்கார்ந்து நைந்தது எல்லாம் ஒரு பக்கம் போயின. அவற்றை முன்வீட்டு முருங்கை மரத்தடியில் குழி தோண்டி, மண் போட்டு மூடினார்கள். ஒருவழியாக அப்பா தோண்டிவிட்டார். "குப்பையில போடல. மரத்துக்குத்தான் போட்டோம்" என்று அம்மாவுக்கும் திருப்தி. தோல் கிழியாத நல்ல பழங்களைக் கழுவி அண்டாவில் போட்டார்கள். அண்டாவை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டியதும் ஈக்களுக்கு வேலை இல்லாமல் போனது.

"ரிங்கி, அந்தப் புவா இந்தப் பழத்துல வருமா?" என்றாள் தேஜஸ்ரீ.

"இந்த மாதிரிப் பழத்துலதான் வரும். காய்வெட்டுப் பழத்துல வராது. ஆனா எங்க அம்மாதான் போடோணும்."

எல்லோரும் கடைசி வீட்டு வாசலைப் பார்த்தார்கள். நேற்றும் இப்படித்தான் பார்த்தார்கள். இன்று பார்த்த விதம் வேறு.

மீனாதேவி நிலைப்படியில் சாய்ந்து நின்றார். ரிங்கி அவரிடம் போய் இந்தியில் ஏதோ சொன்னாள். அவர் அண்டாவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். செல்லாத்தாளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

ரிங்கி தயங்கினாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் தேஜஸ்ரீ.

"போடறேங்குது. ஆனா பாத்திரமெல்லாம் அவங்கதான் கழுவோணுமாம்."

"யாரு?"

ரிங்கி விரலை நீட்டவில்லை. கண்ணால் மட்டும் காட்டினாள். செல்லாத்தாளை.

கருத்தம்மா அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். லைன் வீடு கட்டிய நாளிலிருந்து அந்தக் குழாயடியில் செல்லாத்தாள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

செல்லாத்தாள் தொண்டையைக் கனைத்தார்.

"கழுவிக்கலாமுங்க" என்றார். "எண்ணெயும் நானே தர்றனுங்க. செக்குல ஆட்டுன கடலை எண்ணெய் இருக்குது."

அப்புறம் முற்றம் கல்யாண வீட்டுச் சமையல்கட்டு மாதிரி ஆகிவிட்டது. கருத்தம்மா அக்கா கோதுமை மாவைக் கொண்டு வந்தார். இசக்கிமுத்து மாமா வெல்லத்தைத் தட்டினார். தேஜஸ்ரீயும் ரிங்கியும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முழங்கை வரை விட்டுப் பழத்தைப் பிசைந்தார்கள். விரல் இடுக்கில் கூழ் பிதுங்கியது. மீனாதேவி மாவையும் வெல்லத்தையும் சோம்பையும் போட்டுக் கரைத்து, கரண்டியால் மோந்து எண்ணெயில் விட்டார். அது உள்ளே போய், வட்டமாக விரிந்து, உப்பி, ஓரம் சிவந்து மேலே வந்தது.

"இது எங்க ஊருப் பணியாரம்லா!" என்றார் கருத்தம்மா அக்கா.

"பணியாரத்துக்கு அரிசி மாவு. இதுக்கு ஓரம் வேற மொறுமொறுன்னு இருக்கு" என்றார் அம்மா.

"பேரு எதுவா இருந்தா என்ன, இன்னும் ரெண்டு எடுங்க" என்றார் இசக்கிமுத்து மாமா. அவர் இப்போது வாயைத் தாராளமாகத் திறந்தார்.

தட்டில் விழுந்த புவா எதுவும் தட்டில் நிற்கவில்லை. தேஜஸ்ரீ சூட்டோடு ஒன்றைக் கடித்துவிட்டு, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினாள். அப்படியே ஓடிவந்து இன்னொன்றை எடுத்தாள்.

அண்டா பாதி காலியானபோது வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். உமேஷ் கையைத் துடைத்துக்கொண்டு மூட்டையைப் பார்த்தார். ரிங்கி கையில் பாதிப் புவாவோடு அப்படியே நின்றாள். தேஜஸ்ரீ அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததே அவளுக்குத் தெரியாது.

"தம்பி, எந்த ஊர்ல ஊடு பாத்தீங்க?" என்று செல்லாத்தாள் கேட்டார்.

"பெருமாநல்லூர் அம்மா."

"ஏனுங்க, பெருமாநல்லூர்ல பழம் பழுக்காதுங்களா? அங்கேயும் ஈ வருமுங்க. இங்கயே இருங்க." அவர் கொஞ்சம் நிறுத்தினார். அடுத்ததைச் சொல்ல அவருக்குச் சிரமமாக இருந்தது. "நான் வந்து பாத்துட்டுப் பேசியிருக்கோணும். பாக்காமப் பேசிப்போட்டனுங்க. தப்புத்தானுங்க."

உமேஷ் மீனாதேவியைப் பார்த்தார். மீனாதேவி கரண்டியை வாணலி விளிம்பில் தட்டினார். தலையை ஒருமுறை அசைத்தார்.

ரிங்கி ஓடிப்போய் மூட்டையை அவிழ்த்தாள். முடிச்சு வரவில்லை. தேஜஸ்ரீயும் போய்ப் பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு முழுக்கப் பழக்கூழ் ஒட்டியது.

தேஜஸ்ரீயின் அப்பா ஒரு தட்டு நிறையப் புவாவை எடுத்துப்போய் ஆட்டோக்காரரிடம் கொடுத்தார். "சவாரி இல்லண்ணே. இதைச் சாப்பிட்டுட்டுப் போங்க." ஆட்டோக்காரர் தட்டைக் காலி செய்துவிட்டு, "நாளைக்கும் யாராச்சும் காலி பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெயில் இறங்கியபோது அண்டா காலி. கிண்ணி, கரண்டி, தட்டு, வாணலி எல்லாம் குழாயடியில் மலையாகக் கிடந்தன. செல்லாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். உதவிக்கு வந்த கருத்தம்மா அக்காவை, "நீங்க போங்க, நாந்தானுங்க கழுவறதாப் பேச்சு" என்று அனுப்பிவிட்டார். தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தார். கடைசியாக வாணலியை அலசி, மீனாதேவியிடம் நீட்டினார்.

மீனாதேவி அதை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பார்த்தார். திருப்பி வெளியே பார்த்தார். விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இங்கே எண்ணெய் இருக்கு" என்றார், நல்ல தமிழில்.

செல்லாத்தாள் வாணலியைத் திரும்ப வாங்கி, மறுபடியும் தேய்க்கத் தொடங்கினார்.